கெட் டவுன்னா எறங்கிரோணும்

ஹோல்ட் ஆன் என்றால் பிடித்துக்கொள் என்றா, பொறுத்துக்கொள் என்றா? கயிற்றின் கடைசி நுனியில் நிற்கும்போதா இந்தச் சந்தேகம் வர வேண்டும். மௌனிகாவுக்கு உள்ளங்கை வேர்த்தது, கையுறைக்குள் வேர்த்தால் துடைக்கவும் வழியில்லை. அந்தப் பக்கம், சாய்த்துப் போட்ட பிரம்புக் கூடைக்குப் பக்கத்திலிருந்து, பலூன் ஓட்டுகிற குயின் மேடம் ஒரு கையைத் தூக்கி, "ஹோல்ட் ஆன், மோனிகா!" என்று கத்தியாகிவிட்டது. இவளுக்கும் கூடைக்கும் நடுவில் மைதானம் நீளத்துக்கும் பலூன் துணி, மஞ்சளும் ஊதாவுமாக, விசிறி மிஷின் ஊதுகிற காற்றை வாங்கி வாங்கி, கன்று போடப்போகிற மாட்டின் வயிறு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வயிற்றின் உச்சியில் கட்டிய கயிறுதான் இவள் கையில். பலூன் எழும்பும்போது தலை தறிகெட்டு ஆடாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும், அது நிமிர நிமிர விட்டுக்கொடுத்துக்கொண்டே கூடைவரை நடந்து போக வேண்டும், வேலை அவ்வளவுதான், இதற்கு எதற்கு இங்கிலீஷ்? ஆனால் ஹோல்ட் ஆன். கஸ்டமர் கேர்க்காரி ப்ளீஸ் ஹோல்ட் ஆன் என்றால் காத்திரு என்று அர்த்தம், உடனே வீணையோ புல்லாங்குழலோ வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வால்பாறை மலைப் பாதையில் வளைவு வரும்போது குயின் மேடம் ஹோல்ட் ஆன் என்றபோது கம்பியைப் பிடி என்று அர்த்தம். ஒரே வார்த்தை, போனில் பொறு, டெம்போவில் பிடி. இப்படி வைத்தவன் எவனோ அவன் ஒருநாளும் கயிறு பிடித்திருக்க மாட்டான். யோசித்து முடிப்பதற்குள் துணி ஒருமுறை புரண்டு படுத்தது. சரி போ என்று மௌனிகா இரண்டையும் செய்தாள், கயிற்றை முழங்கையோடு சுற்றாமல், சுற்றினால் கை போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் குதிகாலை மண்ணில் ஊன்றி அசையாமல் நின்றாள். பிடித்தும் ஆயிற்று, பொறுத்தும் ஆயிற்று. குயின் மேடம் கட்டை விரலைக் காட்டினார். எது சரி என்று தெரியாமலே சரியாகிவிட்டது. இப்படியே எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்.

ஓட்ட முடியாது, ஏனென்றால் முந்தாநாள் ஓடவில்லை. முந்தாநாள் இவளை விசிறி மிஷினில் நிறுத்தியிருந்தார்கள், மேடம் "டர்ன் இட் டவுன்!" என்றார், இவள் நிறுத்திவிட்டாள். டர்ன் டவுன் என்றால் குறை என்று அர்த்தமாம், நிறுத்து என்றால் டர்ன் ஆஃபாம், அது தெரிந்திருந்தால் இவள் ஏன் நிறுத்துகிறாள். பாதி எழுந்த பலூன் தொப்பென்று இல்லை, மெதுவாக, மிக மெதுவாக, கல்யாணப் பந்தலை அவிழ்த்துவிட்டமாதிரி வந்து, ஓரத்தில் மேசை போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பலூன் விழாக் கமிட்டி மேல் படுத்தது. துணிக்கு அடியில் பத்துப் பேர் எழுந்து நடப்பது வெளியே மேடு மேடாகத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் பெரிய குற்றமாகிவிட்டது. டெம்போ ஓட்டுகிற மயில்சாமி அண்ணன்தான் உள்ளூர் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி, அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "இங்க பாரு கண்ணு, அடுத்த விழா மதுரைல, அதுக்கு மேடம் ஒரே ஒரு ஆளத்தான் கூடக் கூட்டிட்டுப் போறாங்க. நான் உன்ற பேரத்தான் சொல்லி வெச்சிருக்கறேன். இன்னொருவாட்டி இப்படித் தப்பாப் புரிஞ்சீன்னா நாளைல இருந்து நீ வராத, ஆமா," என்று சொல்லிவிட்டார். மதுரை. அதற்கப்புறம் சென்னை. அதற்கப்புறம் எங்கேயோ, பலூன் எங்கே போகிறதோ அங்கே. ப்ளஸ் டூ முடித்ததிலிருந்து வீட்டில் சும்மா இருக்கிறாள், சும்மா என்றால் சும்மா இல்லை, அம்மா காலையும் மாலையும் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பாள், காலேஜுக்குப் போறியா இல்ல மாமனோட நார் ஃபேக்டரில கணக்கு எழுதறியா. இரண்டும் வேண்டாம் என்று சொன்னால் பின்னே என்னதான் வேணும் உனக்கு என்பாள், அதற்கு மட்டும் பதில் இல்லாமல் இருந்தது, ஒருநாள் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது தென்னந்தோப்புக்கு மேலே சத்தமே இல்லாமல் ஒரு மஞ்சள் பலூன் வந்து, அதிலிருந்து ஒரு பொம்பளை கையாட்டினாளே, அதுவரைக்கும். பதில் கிடைத்த பிறகும் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது. எனக்கு அது வேணும். எது? அது. மேல போகுதே, அது. இவள் இவ்வளவு நாள் கயிறு பிடித்தாளே தவிர ஒருமுறைகூட ஏறினதில்லை, ஏறுவதெல்லாம் டிக்கெட் வாங்கினவர்களும் பெரிய மனிதர்களும்.

இங்கிலீஷில் அவள் வாங்கினது முப்பத்தாறு, அதையும் வாத்தியார் பார்த்துப் போட்டதுதான் என்று அவளே நம்பினாள். ஃப்ரேசல் வெர்ப் என்று ஒரு கேள்வி வரும், பொருத்துக. புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித், எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி முகம், எவன் எவனென்று தெரியாமல் கோடு போட்டுவிட்டு வந்தாள். தலை ஒன்று, வால்தான் வேறு வேறு. வாலை வைத்து மாட்டை அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். முதல் நாள் மேடத்திடம் வேலை கேட்கப் போனபோதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஐ பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர்," என்றாள், ஊரே அப்படித்தான் சொல்கிறது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசினவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். மேடம் முகம் மாறிப்போய், "ஓ டியர். ஆர் யு ஆல்ரைட் நவ்?" என்று கேட்டு இவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் பாஸ் பண்ணினால் பழம் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று இவளும் உரித்துச் சாப்பிட்டாள். தினமும் காலையில் ஒரு பழம் வந்தது. நாலாம் நாள்தான் மேடம் கண்ணைச் செருகித் தரையில் சாய்ந்து நடித்துக் காட்டியதில், பாஸ் அவுட் என்றால் அவருடைய ஊரில் மயக்கம் போட்டு விழுவது என்று தெரிந்தது. பாஸான பிள்ளை என்று இவள் சொன்னதை அவர் மயக்கம் போடுகிற பிள்ளை என்று எழுதி வைத்திருந்தார். அவர் பெயர் க்வென், மயில்சாமி அண்ணன் வாயில் அது குயின் ஆகி அப்படியே நின்றுவிட்டது. ஊர் வேல்ஸ் என்றபோது, "வேலுங்களா? அப்ப முருகன் ஊருன்னு சொல்லுங்," என்றார் அண்ணன், அதிலிருந்து அவருக்கு மேடத்தின்மேல் தனி மரியாதை. அந்த முதல் நாள் டெம்போவில் இன்னொன்றும் நடந்தது, அது என்னவென்று மௌனிகாவுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மைதானம் வந்துவிட்டது, மேடம் ஜன்னலில் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இவள் முன்னாலிருந்து திரும்பி, "மேடம், கெட் டவுன், கெட் டவுன்!" என்றாள். பஸ்ஸில் கண்டக்டர்கூடச் சொல்கிற இங்கிலீஷ்தான். மேடம் சடாரென்று தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. செருப்பைத் தேடுகிறார் போல என்று இவள் நினைத்தாள். சாமி கும்பிடுகிறார், முருகன் ஊரல்லவா என்றார் அண்ணன்.

இப்படியெல்லாம் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுக் கிடந்தவளுக்கு நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு பெரிய நிம்மதி வந்தது, அதை நினைத்தால் இப்போதும், இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டும், சிரிப்பு முட்டுகிறது, சிரித்தால் பிடி நழுவும், சிரிக்கக்கூடாது. நேற்று சாயங்காலம் நாச்சிமுத்து ஐயா ஏறுவதாக இருந்தது. ஆயில் மில் முதலாளி, விழாவுக்குப் பந்தல் அவர் உபயம், பட்டுச் சட்டையும் மொறமொறவென்று வேட்டியுமாகச் சொந்தக்காரர்கள் சூழ வந்து நின்றார். காற்று எழுந்துவிட்டது, பறக்க முடியாது, நாளைக் காலைக்கு மாற்ற வேண்டும், பெரிய மனுசரிடம் தமிழிலேயே சொன்னால் மரியாதை என்று மேடத்துக்குத் தோன்றிவிட்டது. டெம்போவில் வரும்போதே கேட்டார், புட் ஆஃபுக்குத் தமிழில் என்ன. இதுகூடவா தெரியாது என்று மௌனிகா, "அணை," என்றாள், வீட்டில் லைட்டை புட் ஆஃப் பண்ணு என்றுதானே சொல்கிறோம். மேடம் தலையை ஆட்டினார், அது இல்லை, நாட் டுடே, டுமாரோ. ஓ, அதுவா, அது தள்ளிப்போடு. தள்ளி. போடு. மேடம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார், தள்ளி, போடு, போடு, தள்ளி. ஐயா முன்னால் போய்க் கையைக் குவித்து, கணீரென்று, "வணக்கம் ஐயா. இன்னைக்குக் காத்து. நாளைக்குக் காலைல உங்களப் போட்டுத்தள்ளறோம். கட்டாயம் வாங்க," என்றார். கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஐயா மெதுவாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங் மேடம், நான் அப்படி என்ன பாவம் பண்ணிப்போட்டனுங்?" என்று கேட்டார். மயில்சாமி அண்ணன் டெம்போவுக்குப் பின்னால் போய் டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மௌனிகா போட்டுத்தள்ளுவதற்கும் தள்ளிப்போடுவதற்கும் வித்தியாசத்தைக் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டியபிறகு மேடமும் புல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்போதுதான் மௌனிகாவுக்குப் பளிச்சென்றது. அட, நம்மிடமும் இதே அக்கிரமம்தான் இருக்கிறது. போடு என்று ஒன்றை வைத்துக்கொண்டு நாம் மட்டும் என்ன யோக்கியம். சட்டையைப் போட்டுக்கொள். என்னைப் போட்டுக்கொடுத்துவிடாதே. தேங்காயைப் போட்டுடை. வாங்கிக்கொள் என்றால் கை நீட்ட வேண்டும், வாங்கிக்கட்டிக்கொள் என்றால் ஓட வேண்டும். வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறான், சில இடத்தில் தலையும் வாலும் இடம் மாறினால் ஆளே காலி. இதையெல்லாம் யாரும் இவளுக்குப் பொருத்துக என்று கொடுக்கவில்லை, இதற்கு நடுவிலேயே வளர்ந்ததில் எல்லாம் தானாக வந்துவிட்டது. அப்படியானால் இங்கிலீஷ் ஒன்றும் இவளைத் தனியாகப் பிடித்து மிதிக்கவில்லை, அது எல்லாரையும்தான் மிதிக்கிறது, தமிழும் மேடத்தை மிதிக்கிறது. முப்பத்தாறு மார்க் முதல்முறையாக அவளுக்குக் கனக்கவில்லை.

பர்னர் திறந்தது. தீ உறுமுகிற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது, துணிக்குள் வெளிச்சம் ஏறியது, மஞ்சள் எல்லாம் மாம்பழமாகிவிட்டது. கயிறு இழுத்தது. யாரோ மேலிருந்து கூப்பிடுகிறமாதிரி இழுத்தது. இவள் பின்னால் சாய்ந்தாள், குதிகால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது, பலூன் தூங்கி எழுகிறவன்போல ஒரு பக்கமாக எழுந்து, தலையை உதறி, நிமிர்ந்தது. விடு விடு, கொஞ்சம் கொஞ்சமாக விடு, நட, நட. லெட் கோ என்றால் முழுசா விடுவது, அது இப்போது இல்லை. கூடைவரைக்கும் நடந்து வந்தபோது மூச்சு இரைத்தது, ஆனைமலைப் பக்கம் பனி இன்னும் கலையவில்லை, தோப்பில் ஒரு மயில் அகவியது, இத்தனை பெரிய பொருளை இரண்டு கையால் எழுப்பிவிட்டு வந்திருக்கிறாள், அம்மா பார்த்திருக்க வேண்டும். கூடையைச் சுற்றி ஆட்கள் விளிம்பைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றார்கள். நாச்சிமுத்து ஐயா மட்டும் வரவில்லை. வந்திருந்தார், பக்கத்தில் வரவில்லை. தள்ளி நின்று மயில்சாமி அண்ணனிடம், "மேடம் நெசமாலுமே தெரியாமத்தான சொன்னாங்க?" என்று மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அய்யோ, வாங்கய்யா, அவிங்க முருகன் ஊரு," என்றார் அண்ணன். ஐயா செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார், ஒரு செல்ஃபி எடுத்தார். பலூன் நிற்க மாட்டேன் என்றது. மேடம் இவளைப் பார்த்து, "ஹாப் இன், மோனிகா. கீப் ஹர் டவுன் ஃபார் மீ," என்றார். யாரை? ஐயா ஆம்பளையாச்சே. அண்ணன்தான் அங்கிருந்தே கத்தினார், "உள்ள ஏறி நில்லு புள்ள, பலூன் கெளம்பாம இருக்க, எடைக்கு! ஐயா வர்ற வரைக்குந்தான். மேடம் கெட் டவுன்னு சொன்னா உடனே எறங்கிரோணும், கேட்டுக்க. கெட் டவுன்னா எறங்கிரோணும். ஒரு நொடி நிக்கப்படாது." சரிங்ணா, என்று காலைத் தூக்கிப் பிரம்பில் வைத்து உள்ளே குதித்தாள். எடைக்கு. மணல் மூட்டை மாதிரி. பரவாயில்லை, மணல் மூட்டைக்கும் கூடைக்குள் இடம் கிடைக்கிறதே. உள்ளே தோல் வாசனையும் கேஸ் வாசனையும். கால் மண்ணில் இருக்கிறமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. கெட் டவுன்னா இறங்கிடணும். கெட் டவுன்னா இறங்கிடணும். எந்தக் காலை முதலில் போடுவது, வலது காலா இடது காலா, எந்தப் பக்கம் இறங்குவது, பட்டுச் சட்டைக்காரர் ஏறுகிற பக்கமா, மற்ற பக்கமா. இன்றைக்குத் தப்பே செய்யக்கூடாது. மதுரை.

கிழக்கேயிருந்து காற்று வந்தது. முதலில் தோப்பு சலசலத்தது, அப்புறம் பந்தல் துணி, அப்புறம் கூடை ஓர் அடி நகர்ந்து, இன்னோர் அடி இழுபட்டது. விளிம்பைப் பிடித்திருந்தவர்களில் பாதிப் பேர் கை விட்டார்கள். மேடம் அண்ணாந்து பார்த்தார், பர்னரை முழுசாகத் திறந்தார், திரும்பாமலே கத்தினார், "கெட் டவுன்! ஹோல்ட் ஆன்!" வந்துவிட்டது. கெட் டவுன். மௌனிகாவின் வலது முழங்கால் கூடை விளிம்புவரைக்கும் போயேவிட்டது, இறங்கு, ஒரு நொடி நிக்காதே, ஆனால் ஹோல்ட் ஆன்? ஹோல்ட் ஆன் என்றால் பிடித்துக்கொள். பிடித்துக்கொண்டே எப்படி இறங்குவது. சரி, ஹோல்ட் ஆன் என்றால் பொறு. பொறுத்துக்கொண்டே எப்படி உடனே இறங்குவது. இரண்டில் எந்த அர்த்தத்தைப் போட்டாலும் முன்னால் இருக்கிற இறங்கு அதோடு ஒட்ட மாட்டேன் என்கிறது, இந்தமுறை இரண்டையும் செய்துவிட முடியாது, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே வைத்துக்கொண்டு பலூன் போகாது, எது, எது, கெட் டவுன், மேடம், கெட் டவுன், டெம்போ, மைதானம் வந்துவிட்டது, மேடம் சடாரென்று தலையைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில். செருப்பைத் தேடவில்லை. சாமி கும்பிடவில்லை. இவள் இறங்குங்கள் என்று சொன்னதை அவர் குனியுங்கள் என்று கேட்டு, என்ன வந்து விழப்போகிறதோ என்று குனிந்திருக்கிறார். கெட் டவுன் என்றால் குனி. மௌனிகா கூடைக்குள் சரேலென்று குந்தினாள், உள்பக்கக் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள், அதே நொடியில் கூடையின் ஓரம் எதிலோ இடித்து, ஒருமுறை குதித்து, இரண்டாம்முறை குதிக்காமல் போனது. சத்தம் நின்றுவிட்டது. தீ மட்டும்தான். பிரம்புச் சந்து வழியாகப் பார்த்தாள், புல் தெரிந்தது, பிறகு பந்தலின் முதுகு தெரிந்தது, பந்தலுக்கு முதுகு உண்டு என்று யாருக்குத் தெரியும்.

"ஓகே. அப் யு கெட்," என்று மேடம் கை கொடுத்தார். எழுந்து பார்த்தால் தென்னை மரங்கள் எல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒவ்வொன்றின் நடுவிலும் இளநீர்க் குலை, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவளுக்கு இப்படி ஒரு வடிவம் அதற்குள் இருந்தது தெரியவே தெரியாது. காற்றே இல்லை. காற்றோடு போனால் காற்று தெரியாது போலிருக்கிறது. மேற்கே, கேரளாப் பக்கம், மலை ஒதுங்கி வழி விட்டு நின்றது. பயம் வரும் என்று நினைத்தாள், வந்தது சிரிப்புதான். மேடம் இவள் முழங்காலைத் தொட்டு, வெளியே குதிக்கிறமாதிரி விரலால் காட்டி, "இஃப் யு காட் அவுட்," என்று சொல்லி, இன்னொரு கையை ராக்கெட்டு மாதிரி விர்ரென்று மேலே விட்டார். எடை குறைந்திருந்தால் கூடை எகிறியிருக்கும், பாதியில் தொங்கியிருப்பாள். "பட் யு காட் டவுன்," என்றார். வால்தான். ஒரு சின்ன வால். பிறகு மேடம் கூடை விளிம்பில் சாய்ந்து கீழே பார்த்தார். மைதானத்தின் நடுவில் நாச்சிமுத்து ஐயா ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார், வேட்டி மட்டும் காற்றில் பறந்தது. மேடம் யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து, "ஐயாவைத் தள்ளிப்போட்டேன். சரியா?" என்றார். "சரிங் மேடம். நூத்துக்கு நூறு," என்றாள் மௌனிகா, இரண்டு பேரும் கூடை ஆட ஆடச் சிரித்தார்கள். சிரித்து முடித்து மேடம் இடுப்பிலிருந்து வாக்கி டாக்கியைக் கழற்றி இவள் கையில் வைத்து, "ஹேங் ஆன் டு இட்," என்றார். ஹேங் ஆன் என்றால் பொறு. ஹேங் ஆன் டு? இவள் முழிப்பதைப் பார்த்து மேடமே இவள் விரல்களை அதன்மேல் மூடிவிட்டார். "கீப் இட். டில் மதுரை. தென் வீ'ல் ஸீ." உன்னிடமே இருக்கட்டும் என்று அர்த்தம். இன்னொரு வால். இதை மறக்க மாட்டாள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. "ஏன்டி புள்ள, படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லியா?" மயில்சாமி அண்ணன். டெம்போவைக் கிளப்பிக்கொண்டே கத்துகிறார் போல, கீழே தோப்பு ரோட்டில் புழுதி ஒரு நூல் மாதிரி இவர்கள் பின்னாலேயே வந்தது. "மேடம் கெட் டவுன்னு சொன்னது இங்க என்ற காதுலயே வுழுந்துச்சு. ஊரே கேட்டுச்சு. ஐயாவும் கேட்டாரு. கெட் டவுன்னா எறங்கிரோணும்னு சொன்னேன்ல? ஏன் எறங்கல?" மௌனிகா பொத்தானை அழுத்தினாள், அண்ணா, அது வந்துங்ணா, கெட் டவுன்னா, என்று ஆரம்பித்தாள், ஒரு கொக்குக் கூட்டம் கூடைக்குக் கீழே, கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு பறந்து போனது, விரல் தானாகப் பொத்தானை விட்டுவிட்டது. "எறங்கு புள்ள! எறங்குன்னா எறங்கு!" என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார்.

அவள் இறங்கவில்லை.